ஆறு வாரக் கோடையில் இன்டர்ன்ஷிப், தொண்டு, ஊர்சுற்றல்: நெல்லைப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு ஹாலை விட்டு வெளியே வரும்போதுதான் "லீவுக்கு என்ன செய்யலாம்" என்று யோசிக்கத் தொடங்கினால், அந்தக் கோடையில் உருப்படியான இன்டர்ன்ஷிப் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் காசு கட்டி வாங்கும் சர்டிபிகேட்தான். திறமைக் குறைவால் கோடையை இழந்தவர்கள் கொஞ்சம். தேதியையும் தாளையும் கவனிக்காமல் இழந்தவர்களே அதிகம். ஆகவே இங்கே பேச்சு பெரும்பாலும் தேதியும் தாளும் பற்றியதாகவே இருக்கும்.

1. காலண்டரைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கலை அறிவியல் கல்லூரிகளில் ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்தால் ஜூன் நடுவில் திறப்பு. கையில் ஆறு வாரம், மிஞ்சினால் ஏழு. பொறியியல் கல்லூரிக்காரர்களுக்குத் தேர்வு மே மாதத்துக்குள்ளும் நீளும். உங்கள் அட்டவணையைப் பார்த்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப், ஐந்தாவது வாரம் தொண்டு, கடைசி வாரம் பயணம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வரை அக்னி நட்சத்திரம். அந்த வெயிலில் தொண்டு என்று ஆற்றங்கரையில் பழைய துணி பொறுக்குவதைவிட ஓர் அலுவலக மின்விசிறிக்குக் கீழே இருப்பது புத்திசாலித்தனம். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால்தான் மலையடிவாரம் குளிரும். மே நடுவில் குற்றாலம் போனால், கோடைமழை பெய்தால் ஒழிய, பாறையைத் தரிசித்துவிட்டுத் திரும்பலாம்.

கடைசித் தேர்வுக்கும் இன்டர்ன்ஷிப் தொடக்கத்துக்கும் நடுவே மூன்று நாளாவது இடைவெளி வையுங்கள். ஒரு தேர்வு தள்ளிப்போனால் முழுத்திட்டமும் கவிழ்ந்துவிடும்.

2. எத்தனை நாள் என்பதைத் துறைத் தலைவரிடம் கேளுங்கள்

நிறுவனத்தைத் தேடும் முன் செய்ய வேண்டிய வேலை இது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு கிரெடிட், நான்கு வாரத்துக்கு இரண்டு, ஆறு வாரத்துக்கு மூன்று. மற்றப் பல்கலைக்கழகங்களில் மணிக்கணக்கு இருக்கும். 10 நாள் போய்விட்டு வந்து "இரண்டு வாரம்" என்று வாதாடுவதில் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேருமா என்பதையும் கேளுங்கள். சேராது என்றால் நான்கு வாரம் என்பது 24 வேலை நாள்.

"இன்பிளான்ட் ட்ரெயினிங்" என்று மூன்று நாள், ஐந்து நாள் போவது வேறு. பல கல்லூரிகள் அதை இன்டர்ன்ஷிப்பாக ஏற்பதில்லை. சர்டிபிகேட்டில் எந்தச் சொல் வர வேண்டும் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

3. எங்கே கேட்பது

வணிகவியல் மாணவர்களுக்கு ஆடிட்டர் அலுவலகத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பாளையங்கோட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் தேடினால் நிறைய உண்டு. மாத முதல் தேதியிலேயே சேருங்கள். ஜி.எஸ்.டி. கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1 (விற்பனை விவரம்) படிவத்துக்குக் கடைசி நாள் 11, 3பி (மொத்த வரிக் கணக்கு) படிவத்துக்கு 20. முதல் பத்து நாளில் பில் கட்டுகள் மேசைக்கு வரும். கொள்முதல் எது, விற்பனை எது என்று பிரித்து, ஜி.எஸ்.டி. எண்ணைச் சரிபார்த்துப் பதிவதை உங்களிடம்தான் தருவார்கள். 21-ஆம் தேதி போய் நின்றால் ஃபைல் அடுக்கும் வேலைதான். ஜூலை 31 வருமான வரி நெருக்கடியும் அவர்களுக்கு உண்டு. ஆகவே அங்கே சேர்ந்து கற்றுக்கொள்ள மே மாதம் ஏற்ற காலம்.

பொறியியல் மாணவர்களுக்கு கங்கைகொண்டான் சிப்காட், தாழையூத்து சிமெண்ட் ஆலை, தூத்துக்குடி துறைமுகமும் அனல்மின் நிலையமும், காற்றாலைப் பராமரிப்பு நிறுவனங்கள் என்று வாய்ப்புகள் உண்டு. காற்றாலைக்காரர்களிடம் ஒரு சூட்சுமம்: மே முதல் அக்டோபர் வரை காற்றுக் காலம். இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆட்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கோபுரத்தில் ஏற உங்களை விடமாட்டார்கள். கட்டுப்பாட்டறைப் பதிவுகளும் பழுது அறிக்கைகளும்தான் உங்கள் பாடம். அதுவே நல்ல ப்ராஜெக்ட் ஆகும்.

மகேந்திரகிரி இஸ்ரோ உந்துவிசை வளாகமும் கூடங்குளமும் எல்லோருடைய ஆசை. இஸ்ரோ பயிற்சித் திட்டத்தில் குறைந்தது 60 சதவீதம் அல்லது பத்துக்கு 6.32 சி.ஜி.பி.ஏ. கேட்பார்கள். உதவித்தொகை கிடையாது. இரண்டு இடத்திலும் பாதுகாப்புச் சோதனை உண்டு என்பதால் ஏப்ரலில் கேட்டு மே மாதம் சேர முடியாது. இவற்றை மட்டும் நம்பி உட்காராமல், பக்கத்திலேயே இன்னொரு விண்ணப்பம் போட்டுவையுங்கள்.

சட்ட மாணவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வரலாறு படிப்பவர்களுக்குப் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம், ஆதிச்சநல்லூர் அருங்காட்சியகம். வேளாண்மை, கிராமப் பொருளாதாரம் படிப்பவர்கள் உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் பனை விளைகளை (பனந்தோப்புகளை) மறந்துவிடாதீர்கள். பதநீர்க் காலம் கோடையில்தான். விடியும் முன்பே இறக்கிவிடுவார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவும் அளவிலிருந்து பாகு பதம் பார்ப்பது வரை பார்க்க வேண்டுமென்றால் அங்கேயே தங்க வேண்டும். பத்து மணி பஸ்ஸில் போனால் காய்ச்சி இறக்கிய சட்டியைத்தான் பார்ப்பீர்கள்.

2024-இல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது 12 மாதத் திட்டமாகத் தொடங்கியது. முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்காக உருவானது அல்ல. கோடை விடுமுறைக்கு அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) இன்டர்ன்ஷிப் போர்ட்டலும் தமிழக அரசின் நான் முதல்வன் தளமும் பார்க்க வேண்டியவை.

4. தாள்கள்: பிப்ரவரியில் தொடங்குங்கள்

முதல் தாள் போனஃபைடு, அதாவது நீங்கள் அந்தக் கல்லூரி மாணவர் என்ற சான்று. இரண்டாவது, துறைத் தலைவரோ முதல்வரோ நிறுவனத்துக்கு எழுதும் வேண்டுகோள் கடிதம். இந்த இரண்டாவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "எங்கள் மாணவருக்குப் பயிற்சி அளிக்கவும்" என்று மொட்டையாக எழுதிய கடிதம் மனிதவள அலுவலர் மேசையில் அடியில் போய்விடும். கடிதத்தில் இருக்க வேண்டியவை: பெயர், பதிவு எண், பாடப்பிரிவு, எத்தனையாவது செமஸ்டர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, எந்தப் பிரிவில் பயிற்சி வேண்டும், கல்லூரியில் பொறுப்பாசிரியர் பெயரும் கைப்பேசி எண்ணும். நான்கு நண்பர்கள் சேர்ந்து போவதாக இருந்தாலும் ஆளுக்கொரு கடிதம் வாங்குங்கள். ஒரே கடிதத்தில் நான்கு பெயர் போட்டு, ஒருவர் பின்வாங்கினால் மூன்று பேருக்கும் மறுபடி கடிதம் தேவைப்படும்.

முதல்வர் கையெழுத்துக்கு ஒரு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு நெருங்கினால் அதற்கு மேலும் ஆகும். அலுவலக அண்ணாச்சியிடம் பணிவாகக் கேட்டால் முத்திரையோடு இரண்டு பிரதி தருவார். ஒன்று நிறுவனத்துக்கு, மற்றொன்றில் அவர்கள் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நிறுவனம் கேட்டால் மட்டும்: பெற்றோர் சம்மதக் கடிதம், விபத்துக்குப் பொறுப்பேற்கும் உறுதிமொழிப் பத்திரம், காவல்துறைச் சான்று. பத்திரத்துக்கு என்ன மதிப்பில் முத்திரைத்தாள் வேண்டும் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய 20 ரூபாய்த் தாள் எல்லாவற்றுக்கும் செல்லும் என்ற நினைப்பில் வாங்கிவிட்டு நோட்டரியிடம் திரும்பி நடப்பவர்கள் உண்டு.

காப்பீடு கேட்கும் தொழிற்சாலைகளும் உண்டு. வங்கி வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் பல இடங்களில் போதும். இதில் ஒரு பொறி இருக்கிறது. அதன் ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. ஏப்ரலில் சேர்ந்தால் மே 31-உடன் முடிந்துவிடும். புதுப்பிக்கும் பணம் மே கடைசி வாரத்தில் கணக்கிலிருந்து எடுக்கப்படும். அன்று இருப்பில் 20 ரூபாய் இல்லையென்றால் ஜூனில் காப்பீடு இல்லை.

ஆதார், கல்லூரி அடையாள அட்டை, கடைசி செமஸ்டர் மதிப்பெண், ஆறு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். எல்லாவற்றுக்கும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து ஒரே ஃபைலில் போடுங்கள். ஆலை வாசலில் ஜெராக்ஸ் கடை இருக்காது.

5. செலவுக் கணக்கு

உதவித்தொகை வரும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வந்தாலும் கடைசியில்தான் வரும். வீட்டிலிருந்தே போய்வந்தால் பஸ், மதியச் சாப்பாடு, டீ சேர்த்து நாளொன்றுக்கு 150 முதல் 200 ரூபாய் வையுங்கள். 24 நாளுக்கு 3,600 முதல் 4,800 வரை. தூக்குவாளியில் கட்டுச்சோறு கொண்டுபோனால் பாதியாகக் குறையும். தொழிற்சாலை என்றால் பாதுகாப்புக் காலணிக்குத் தனியே பணம் ஒதுக்குங்கள். ஹெல்மெட் அவர்களே தருவார்கள், காலணியைப் பெரும்பாலும் நீங்கள்தான் வாங்க வேண்டும்.

கல்லூரி பஸ் பாஸை நம்ப வேண்டாம். அது வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையிலான வழிக்கு மட்டும். பெண்களுக்கு விடியல் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டுமே. நாகர்கோவில், தூத்துக்குடி போகும் மப்சல் (வெளியூர்) பஸ்ஸிலும் இடையில் நிற்காத எண்ட் டு எண்டிலும் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். கங்கைகொண்டான் பக்கம் பல ஆலைகளுக்கு ஷிப்ட் பஸ் ஓடுகிறது. பயிற்சி மாணவர்களுக்கு அதில் இடம் உண்டா, எந்த நிறுத்தத்தில் ஏறுவது என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். இந்த ஒரு கேள்வி மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சப்படுத்தும்.

6. முதல் நாள் செய்ய வேண்டியது

ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை இரண்டு வரி, வழிகாட்டியின் சுருக்கொப்பம். கையெழுத்தை வாரம் ஒருமுறை சனிக்கிழமை வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் 24 கையெழுத்துக்கு நோட்டை நீட்டினால் எந்த மேலாளருக்கும் எரிச்சல் வரும். வழிகாட்டி இடமாற்றலாகிப் போனால் கதை முடிந்தது.

சர்டிபிகேட் மாதிரியையும் முதல் வாரத்திலேயே காட்டுங்கள். லெட்டர்ஹெட், தேதியோடு கடித எண், உங்கள் பதிவு எண், "முதல்–வரை" தேதிகள், மொத்த நாள், என்ன பணி, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, முத்திரை. இதில் பதிவு எண் இல்லாமல் வருவதுதான் மிகச் சாதாரணமான தப்பு. அதற்காக ஜூலையில் மறுபடி பஸ் ஏறி வர வேண்டியிருக்கும்.

யாரும் வேலை தரவில்லை என்றால்? முதல் மூன்று நாள் அப்படித்தான் இருக்கும். "சார், நேத்து நீங்க பார்த்த அந்த ஃபைலை நானும் பார்க்கலாமா?" என்று குறிப்பிட்ட ஒன்றைக் கேளுங்கள். "ஏதாவது வேலை இருக்கா சார்?" என்று கேட்டால் "இருங்க தம்பி, சொல்றேன்" என்ற பதில்தான் வரும். அது மாலை வரைக்கும் நீளும்.

7. ஏமாறும் இடம்

பணம் கேட்பது இன்டர்ன்ஷிப் அல்ல. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், "திரும்பக் கிடைக்கும் முன்பணம்" என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஒன்றுதான். ப்ராஜெக்ட் சென்டர் என்று பலகை மாட்டி, பத்து நாள் வகுப்பு எடுத்து, இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் தருகிற இடங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கே பாடம் கற்றுக்கொண்டால் அது டியூஷன். டியூஷன் தப்பில்லை. ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "உங்கள் வழிகாட்டி யார், நிறுவனத்தில் எத்தனை பேர், நீங்கள் எந்தப் பிரிவு" என்ற மூன்று கேள்வியில் சாயம் வெளுத்துவிடும்.

டெலிகிராமில் மட்டும் பேசுகிற, அலுவலக முகவரி இல்லாத, நேர்காணலே இல்லாமல் பத்து நிமிடத்தில் ஆஃபர் லெட்டர் அனுப்புகிற இடங்களுக்கு ஆதார் நகல் அனுப்பாதீர்கள்.

8. ஐந்தாவது வாரம்: தொண்டு

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் முகாம் என்று கணக்கு. கோடையில் செய்யும் வேலை அதில் சேர வேண்டுமானால் திட்ட அலுவலரின் முன் அனுமதி வேண்டும். செய்துவிட்டு வந்து கேட்டால் சேராது. மத்திய அரசின் மை பாரத் தளத்தில் பதிவு செய்துவைத்தால் மணிக்கணக்கு ஒரே இடத்தில் இருக்கும்.

பாபநாசத்தில் தாமிரபரணிக் கரையில் பழைய துணி அகற்றும் வேலைக்கு எப்போதும் ஆள் வேண்டும். பரிகாரம் என்று ஆற்றில் விடும் வேட்டியும் சேலையும் படித்துறைப் பாறைகளில் சிக்கிக் கிடக்கும். முன்னேற்பாடு இல்லாமல் உற்சாகத்தில் இறங்கினால் இப்படி ஆகும்: 20 பேர் சேர்ந்து 40 மூட்டை கட்டிக் கரையில் அடுக்குவார்கள், புகைப்படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அள்ளிப்போக வண்டி வராது. அடுத்த தண்ணீர் திறப்பில் மூட்டையோடு துணி மறுபடி ஆற்றுக்குள். ஆகவே முதலில் விக்கிரமசிங்கபுரம் நகராட்சியில் எழுத்துமூலம் கேட்டு, வண்டி வரும் நாளை உறுதிசெய்துவிட்டு, அந்த நாளுக்கு ஆட்களைத் திரட்டுங்கள். ரப்பர் பூசிய கையுறை, நீளமான துரட்டி, சாக்கு தேவை. ஈரத்துணி பாறாங்கல் கனம் கனக்கும். சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்பினால் படியேற்ற முடியாது. பிழிந்து, சிறிது நேரம் பாறையில் உலரவிட்டுக் கட்டினால் பாதிப் பாரம் குறையும். நீச்சல் தெரிந்தவர்கூட முழங்கால் தண்ணீருக்கு மேல் போகவேண்டாம். மேலே மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால் மட்டம் திடீரென ஏறும். பாறையும் வழுக்கும்.

வெயிலில் அலைய முடியாதவர்களுக்குப் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துப் பதிவு செய்யும் வேலை இருக்கிறது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. அங்கே படித்துக் கல்லூரிக்குப் போனவர்களும் போட்டித்தேர்வுக்குப் படிப்பவர்களும் கேட்கிறார்கள். ஒரு பாடத்துக்கு ஒரு கோப்பு, தொடக்கத்தில் பாடத்தின் பெயரும் பக்க எண்ணும். அட்டவணையை வரிசை வரிசையாக வாசியுங்கள், நெடுக்காக வாசித்தால் புரியாது. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். தேர்வில் எழுத்தராகப் போவதும் உதவிதான். ஆனால் தேர்வு எழுதுபவரைவிட உங்கள் கல்வித்தகுதி குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. தேர்வுக்குத் தேர்வு இந்த வரம்பு மாறும் என்பதால் அறிவிப்பைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் மறுத்தால் ஒருவருடைய ஓராண்டுப் படிப்பு வீணாகும்.

ரத்ததானம்: கல்லூரிகள் மூடிக் கிடப்பதால் முகாம்கள் குறைகிற காலம் இது. 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்கே போகலாம். வெறும் வயிற்றில் போகாதீர்கள்.

9. ஆறாவது வாரம்: ஊர்சுற்றல்

ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் நான்கு நாள் தாராளமாகச் சுற்றலாம், இரவு வீட்டுக்கோ ஹாஸ்டலுக்கோ திரும்பிவிட்டால்.

திருச்செந்தூர் சாலை ஒருநாள்: கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், திருச்செந்தூர் மூன்றும் ஒரே வழியில். காலை ஏழுக்கே கிளம்புங்கள். கிருஷ்ணாபுரம் கோயில் மதியம் நடை சாத்திவிடும், சிற்பத்தூண்களைப் பார்க்கக் கதவு திறந்திருக்க வேண்டும். ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த குழியையே கண்ணாடித் தளத்தின் கீழே வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், பல அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை.

நெல்லையிலிருந்து செங்கோட்டை பாசஞ்சர் ரயிலில் ஒருநாள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வயலோடு வயலாகப் போகும். டிக்கெட்டைக் கைப்பேசிச் செயலியில் எடுத்துவிட்டால் ஜங்ஷன் வரிசை மிச்சம். மணிமுத்தாறு அருவிக்கும் அகத்தியர் அருவிக்கும் போகும்போது வனத்துறைச் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பையையும் மதுவையும் எடுத்துவிடுவார்கள். வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை, அன்று காலை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இந்தக் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். மாஞ்சோலைக்குச் சொந்த வண்டியில் போக முன்கூட்டியே வனத்துறை அனுமதி வேண்டும். நினைத்த நேரத்தில் பைக்கை முறுக்கிக்கொண்டு போனால் சாவடியிலிருந்தே திரும்ப வேண்டியதுதான்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். ஜூன் வாக்கில் பறவைகள் கிளம்பத் தொடங்கும், குளத்தில் தண்ணீரும் வற்றும், ஆகவே இதை மட்டும் ஐந்தாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னே தள்ளுங்கள். பறவைகள் வீட்டு மரங்களில்கூட கூடு கட்டியிருக்கும். ஊர்க்காரர்கள் அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாதவர்கள். கூச்சல் போட்டால் அவர்களே விரட்டிவிடுவார்கள், நியாயம்தான்.

சென்னை, பெங்களூரு போவதாக இருந்தால் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். கோடை நெரிசலில் அதே காலையில் முடிந்துவிடும். தட்கலுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடித்திருக்க வேண்டும். முதல்நாள் இரவில் அதைத் தொடங்காதீர்கள்.

10. கல்லூரி திறந்ததும்

முதல் வாரத்திலேயே சர்டிபிகேட், நோட்டு, அறிக்கை மூன்றையும் கொடுத்துவிட்டுப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அசலைத் துறையில் விட்டுவிடாதீர்கள். காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். அறிக்கையில் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுத்த பத்துப் பக்க வரலாற்றை ஒட்டாதீர்கள், நீங்கள் தொட்ட பில், பார்த்த பழுது, எடுத்த அளவு இவற்றை எழுதினால் 15 பக்கம் தாராளம். வாடிக்கையாளர் பெயர், கணக்கு எண் எதுவும் அதில் வரக் கூடாது.

சர்டிபிகேட் இன்னும் வரவில்லை என்றால் மின்னஞ்சலில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நிறுவனம் பெற்றுக்கொண்டதாக ஒப்பமிட்ட கடிதப் பிரதியையும், சுருக்கொப்பம் இட்ட நோட்டையும் எடுத்துக்கொண்டு, வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு நேரில் போங்கள். மாத முதல் வாரத்தில் போகாதீர்கள், சம்பளப் பட்டியல் வேலையில் மனிதவளப் பிரிவு தலைநிமிராது.